நாதக்கடலுக்கு நாற்பத்தொரு பொன்னாடை

காரைக்குடியில் ஒரு மனுசனைப் பாராட்டுவது என்று செந்தமிழ் இசை வளர்ச்சிப் பேரவை முடிவு செய்துவிட்டால், அப்புறம் அந்த மனுசனை ஆண்டவனே வந்தாலும் காப்பாற்ற முடியாது. இது ஊரறிந்த விசயம். அழகுராஜாவுக்கு மட்டும் தெரியாது. பாவம், முப்பத்திரண்டு வருசம் பஸ் கண்டக்டராக இருந்தவர். ஆட்கள் ஏறுவார்கள், டிக்கெட் வாங்குவார்கள், இறங்க வேண்டிய இடத்தில் இறங்கிவிடுவார்கள் என்று நம்பியே பிழைத்தவர். ஏறினால் இறங்கவே மாட்டேன் என்கிற ஜாதி ஒன்று மேடையில் இருப்பது அவருக்கு ரிட்டையர் ஆன பிறகுதான் தெரிந்தது.

அவருக்கு அவசரம் இருந்தது. என்ன அவசரம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவருக்கு இடது காது ஆறு வயதில் பொன்னுக்கு வீங்கி வந்தபோதே போய்விட்டது. மிச்சம் இருந்த வலது காதிலும் ஒரு வருசமாக இரைச்சல். மதுரையில் படம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, காதுக்கும் மூளைக்கும் நடுவில் நரம்பில் கட்டி இருக்கிறது என்றார். கட்டியை எடுத்தால் காது கூடவே போய்விடும், எடுக்காவிட்டால் ஆளே போய்விடுவார், இரண்டில் ஒன்று என்று பக்குவமாகச் சொன்னார். அழகுராஜா ஆபரேசனை ஒன்பது நாள் தள்ளிப் போட முடியுமா என்று கேட்டார். எதற்கு என்று டாக்டரம்மா கேட்டார். நாயனக் கச்சேரி இருக்கிறது என்றார் இவர். டாக்டரம்மாவுக்கு வந்த கோபத்தில் பேனாவை மேசையில் போட்டுவிட்டார். கடைசியில், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பதினோரு மணிக்குள் வந்து சேர வேண்டும், திங்கள் காலை ஏழு மணிக்கு ஆபரேசன், அதற்குள் தலைசுற்றி விழுந்தால் தான் பொறுப்பில்லை என்று எழுதி வாங்கிக்கொண்டார்.

அந்த நாயனக்காரர் காளையார்கோவில் ஐயனார். எழுபத்தொன்பது வயசு. அழகுராஜாவின் கல்யாணத்துக்கு ஏற்பாடு செய்திருந்த மேளக்காரருக்குக் காய்ச்சல் வந்து, அவருக்குப் பதிலாக வந்தவர்தான் ஐயனார். தாலி கட்டி முடித்து, முதல் பந்தி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, யாரும் கேட்கவில்லை என்கிற தைரியத்தில் அவர் பாட்டுக்கு சகானா ராகத்தை எடுத்துவிட்டார். முக்கால் மணி நேரம். மாப்பிள்ளை இலையில் கை வைத்தபடி அப்படியே இருந்துவிட்டார், சாம்பார் காய்ந்துபோனது. "கல்யாணத்தன்னைக்கு என்னைய எங்க பாத்தாக, நாயனக்காரரத்தான பாத்துக்கிட்டு இருந்தாக" என்று சம்சாரம் சாலா இன்றைக்கு வரைக்கும் சொல்லிக் காட்டுவாள். அதற்குப் பிறகு எந்தக் கோயிலில் ஐயனார் வாசிப்பு என்றாலும், டூட்டியை மாற்றிக்கொண்டாவது அழகுராஜா போய் நிற்பார். சங்கீதம் படித்தவர் இல்லை. அந்த ராகத்துக்கு சகானா என்று பேர் இருப்பதே பத்து வருசம் கழித்துத்தான் தெரியும். பேர் தெரியாமலே பத்து வருசம் அழுதிருக்கிறார்.

போனில் கேட்டுக்கொள்ள வேண்டியதுதானே என்று சாலாவும் கேட்டாள். போன் சத்தம் அந்தக் காதில் ஏறுவது நின்று மாசக்கணக்காகிறது, வெறும் கொரகொரப்புதான். ஆனால் நாயனம் பெரிய சத்தம். பத்தடி தூரத்தில் உட்கார்ந்தால் நெஞ்செலும்பு வழியாகவாவது உள்ளே போகும். ஐயனாரோ இரண்டு வருசமாக வாசிப்பதை விட்டுவிட்டு, திருப்பூரில் மகள் வீட்டில் இருக்கிறார். இந்த விழாவுக்காகத்தான் வருகிறார். ஒரு தரம் சகானாவைக் கேட்டுவிட்டால், அப்புறம் காதை மூடிவிட்டுப் போகட்டும் என்பதுதான் அழகுராஜாவின் கணக்கு.

அழைப்பிதழ் நாலாக மடித்து வந்திருந்தது. தலைமை, முன்னிலை, வரவேற்புரை, தொடக்கவுரை, வாழ்த்துரை பதினேழு பேர், சிறப்புரை, பேருரை, பெரும்பேருரை, நிறைவுரை, நன்றியுரை. எல்லாருக்கும் வட்டமாகப் படம். அடியில், அச்சகத்தின் பெயருக்கும் கீழே, 'நாதக்கடல் ஐயனார் அவர்களின் நாயன இன்னிசை' என்று ஒரு வரி. அதற்குப் பக்கத்தில் எறும்பு சைசில் 'நேரமிருப்பின்' என்று போட்டிருந்தது. அழகுராஜா கண்ணாடி போடாமல் படித்துவிட்டார்.

விழா அந்த ஞாயிற்றுக்கிழமை, ஒரு கல்யாண மண்டபத்தில், நாலு மணிக்கு. எட்டு மணிக்கு மறுநாள் கல்யாணத்துக்குப் பெண் வீட்டார் வந்துவிடுவார்கள், அதற்குள் காலி செய்ய வேண்டும். அழகுராஜாவும் சாலாவும் ஆஸ்பத்திரிப் பையோடு மூன்றரைக்கே போய் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். பேட்ஜ் குத்திய ஒருவர் வந்து, முதல் ஐந்து வரிசையும் முக்கியப் பிரமுகர்களுக்கு என்று எழுப்பிவிட்டார். தனக்குக் காது கேட்காது, கிட்டத்தில் இருந்தால்தான் ஆகும் என்று அழகுராஜா கெஞ்சினார். பேட்ஜ்காரர் நல்ல மனுசன், விவரம் போதாது. காது கேட்காதவருக்கு எது தோது என்று யோசித்து, ஆள் உயரம் இருந்த ஒலிபெருக்கிப் பெட்டிக்கு ஒட்டினாற்போல ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார வைத்துவிட்டுப் போனார். ஐந்து வரிசையும் கடைசிவரை காலியாகவே இருந்தது. முக்கியப் பிரமுகர்கள் எல்லாரும் மேடையில் இருந்தார்கள்.

மேடையில் ஐயனாரின் படத்துக்குச் சந்தன மாலை போட்டு, ஊதுபத்தி கொளுத்தி வைத்திருந்தார்கள். போன வருசம் காலமான ஒருவருக்குச் செய்த ஏற்பாட்டில் படத்தை மட்டும் மாற்றியது என்று பின்னால் தெரிந்தது. ஐயனார் வந்து, தன் படத்தை ஒரு நிமிசம் பார்த்துவிட்டு, அதற்குக் கீழேயே போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அவருடைய நாயனத்தைப் பட்டு விரித்த முக்காலியில் கிடத்தியிருந்தார்கள். சீவாளிப் பெட்டியைப் பேரவைச் செயலாளர் தேவா, பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டு போனார்.

குத்துவிளக்கு ஏற்றினார்கள். ஐந்து முகம், ஐந்து பிரமுகர். முதல் முகத்தை யார் ஏற்றுவது என்று கொஞ்சம் தள்ளுமுள்ளு நடந்து, கடைசியில் ஒருவர் ஏற்றியதும் அதை ஊதி அணைத்துவிட்டு அடுத்தவர் ஏற்றுவது, அப்படியானால் எல்லாருமே முதலில் ஏற்றியவர்கள்தான் என்று முடிவானது. ஐந்து பேரும் முதல் விளக்கை ஏற்றி முடிக்க இருபத்தைந்து நிமிசம் ஆனது. அதற்குள் தாமதமாக வந்த புரவலர் ஒருவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவே, மறுபடி முழு விளக்கையும் அணைத்தார்கள்.

அப்புறம் பொன்னாடை. பேரவையில் ஒரு வழக்கம் உண்டு. பொன்னாடை போர்த்துகிறவருக்கு முதலில் ஒரு பொன்னாடை போர்த்த வேண்டும். மேடையில் இருந்த நாற்பத்தொரு பேரும் தாங்கள் போர்த்திக்கொண்டு, அப்புறம் ஐயனாருக்குப் போர்த்தி, போட்டோகிராபரைப் பார்த்து நின்றார்கள். ஆடை பறக்கிறது என்று மின்விசிறியை நிறுத்திவிட்டார்கள். முப்பதாவது ஆடையில் ஐயனாரின் கழுத்து மறைந்து, துணிக்கு மேலே ஒரு முகம் மட்டும் தெரிந்தது. அந்த முகத்தில் வேர்வை ஆறாக ஓடியது. தொகுத்து வழங்கிய சௌபர்ணிகா, நாதக்கடலின் ஆனந்தக் கண்ணீரைப் பாருங்கள் என்று சபைக்குக் காட்டினாள். சபை கைதட்டியது. அழகுராஜா மட்டும் எழுந்து நின்று, தண்ணி குடுங்கய்யா என்று கத்தினார். வாழ்த்துரைக்கு இன்னும் நேரம் வரவில்லை என்று அவரை உட்காரச் சொன்னார்கள்.

பேச்சுகள் ஆரம்பித்தன. மற்றவர்களுக்கு எப்படியோ, அழகுராஜாவுக்கு ஒரு எழுத்து தப்பவில்லை. ஒரு வருசமாகப் பெண்டாட்டி பேசுவது சரியாகக் கேட்காத காதில், பெட்டி வழியாக ஒவ்வொரு உரையும் ஆணி அடித்த மாதிரி இறங்கியது. அதிலும் தலைவர் நிகழ்த்திய பெரும்பேருரை இருக்கிறதே, அதைச் சும்மா சொல்லக் கூடாது.

"நாதக்கடல் அவர்கள் வாசித்து நான் ஒருநாளும் கேட்டதில்லை," என்று ஆரம்பித்தார் தலைவர். "இதைப் பெருமையோடு சொல்கிறேன். கேட்டுவிட்டுப் பாராட்டுவது யாருக்கும் கைவரும். கேட்காமலே பாராட்டுகிற பெரிய மனது இந்தப் பேரவைக்குத்தான் உண்டு. இசை காற்றில் கரைந்து போகும். பேரவை பதிவு பெற்ற அமைப்பு. அது நிற்கும்."

நாற்பது நிமிசம் நின்றது. பேரவை தோன்றிய வரலாறு, அதற்குத் தான் தலைவரான வரலாறு, தன்னை எதிர்த்துப் போட்டியிட்டவர் இப்போது படுத்த படுக்கையாக இருக்கிற வரலாறு எல்லாம் வந்தது. ஐயனாரின் பெயர் ஒரு இடத்தில் வந்தது, அதையும் ஐயாதுரை என்று சொன்னார். முடித்ததும் காரில் ஏறிச் சிவகங்கைக்கு வேறொரு பாராட்டுக்குப் போய்விட்டார்.

மணி ஆறே முக்கால்.  இனி வாசிப்புதான் என்று அழகுராஜா நினைத்தார். சௌபர்ணிகா வந்து, கலைஞனுக்கு மரியாதை செய்தோம், கருவிக்குச் செய்ய வேண்டாமா என்று கேட்டாள். ஒரு கிண்ணம் நிறைய அரைத்த சந்தனம் வந்தது. செயற்குழுவினர் ஒவ்வொருவராக வந்து நாயனத்துக்குச் சந்தனம் பூசினார்கள். மகளிர் அணி வந்து குங்குமம் வைத்தது. எங்கே வைப்பது என்று ஒருவருக்குச் சந்தேகம் வர, துளை துளையாக இருக்கிறதே, அதில் வையுங்கள், அழகாக இருக்கும் என்றார் தேவா. ஏழு விரல் துளையும், கீழே இருக்கிற துளைகளும் ஒன்று விடாமல் அடைபட்டன. ஐயனார் பதறி எழுந்தார். நாற்பத்தொரு ஆடை அவரைத் திரும்ப நாற்காலிக்கே இழுத்துக்கொண்டது. என்னவோ சொன்னார். அவர் முன்னால் மைக் இல்லை. உணர்ச்சிப் பெருக்கில் நாதக்கடலுக்கு வார்த்தை வரவில்லை என்றாள் சௌபர்ணிகா.

அதுவும் போதாது என்று திரை விலக்கி ஒரு கண்ணாடிப் பேழையைத் திறந்து வைத்தார்கள். திறந்து வைத்தார்கள் என்றால் பூட்டி வைத்தார்கள் என்று அர்த்தம். உள்ளே சிவப்பு வெல்வெட்டில் ஐயனாரின் சீவாளிகள் எட்டையும் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். சீவாளி என்பது வாயில் வைத்து ஊதுகிற சின்ன நாணல் துண்டு. அது இல்லாவிட்டால் நாயனம் வெறும் கட்டை. வருங்காலத் தலைமுறைக்காக, இனி கட்டப்போகும் அருங்காட்சியகத்தில் இது இருக்கும் என்றார்கள். சாவியைத் தலைவர் கையோடு கொண்டு போயிருந்தார். "இப்போது நீங்கள் ஆவலோடு எதிர்பார்த்துக் காத்திருக்கும்," என்று சௌபர்ணிகா இழுத்தாள். அழகுராஜா நாற்காலி நுனிக்கு வந்தார். "நன்றியுரை," என்று முடித்தாள்.

அழகுராஜாவுக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. கட்டியினாலா கோபத்தினாலா என்று தெரியவில்லை. நேராக மேடை ஓரத்துக்குப் போய்ச் செயலாளர் தேவாவின் கையைப் பிடித்துக்கொண்டார். நாளைக்கு ஏழு மணிக்குத் தன் காது போகிறது, அஞ்சே நிமிசம் ஐயா வாசிக்கட்டும், கையெடுத்துக் கும்பிடுகிறேன் என்றார். தேவா கோபப்படவே இல்லை. பொறுமையாகக் குனிந்து, அந்தக் காதுக்குள்ளேயே விளக்கினார்.

"வாசிச்சா பத்து நிமிசத்துல முடிஞ்சு போயிரும். நாங்க செஞ்சிருக்கிற மரியாதை காலத்துக்கும் நிக்கும். இதுல எது பெருசுன்னு நீங்களே சொல்லுங்க. வேணும்னா ஒரு மனு எழுதிக் குடுங்க, அடுத்த செயற்குழுல வைக்கிறோம்."

"அப்ப எனக்குக் காது இருக்காது சார்."

"பரவாயில்ல, வாங்க. செயற்குழுல காது தேவைப்படாது. கையெழுத்துத்தான்."

இதை ஐயனார் பார்த்துக்கொண்டிருந்தார். ஒண்ணுக்குப் போக வேண்டும் என்று சொல்லி, ஆடைகளை நாற்காலியிலேயே உட்கார வைத்துவிட்டு இறங்கி வந்தார். மேடையில் யாரும் கவனிக்கவில்லை. ஆடைகள் நிறைந்த நாற்காலிக்கு அதற்கப்புறமும் ஒருவர் மாலை போட்டதாகக் கேள்வி. சாப்பாட்டுக் கூடத்துக்குப் பின்னால், கை கழுவுகிற குழாய்களுக்குப் பக்கத்தில் அழகுராஜாவும் சாலாவும் அவரைப் பிடித்தார்கள். அழகுராஜா காலில் விழுந்தார். சாலாதான் விசயத்தைச் சொன்னாள். கல்யாணத்தில் சாம்பார் காய்ந்தது முதல் நாளைக்கு ஏழு மணி வரை எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொல்லி, பையைத் திறந்து ஆஸ்பத்திரிச் சீட்டையும் காட்டினாள். 

"இதுக்காக ஆறு மாசமாப் பல்லு கட்டி, ஊதிப் பழகிட்டு வந்தேன் தம்பி," என்றார் ஐயனார், அழகுராஜாவின் காதருகில் வந்து. "சகானாதான் வாசிக்கிறதா இருந்தேன். அதத்தான் அடைச்சுப் பூட்டிப்புட்டாகளே. நாயனம் இல்லாட்டி என்ன, தொண்டை இருக்கு. இங்குட்டு வா. காதைக் குடு."

அழகுராஜா காதைக் கொடுத்தார். ஆனால் கூடத்தின் வாசலிலும் ஒரு பெட்டி கட்டியிருந்தார்கள். அது அலறியது. பேரவையின் இணைப் பொருளாளர் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். நாற்காலி தந்தவர், நாற்காலி இறக்கியவர், நாற்காலியைத் துடைத்தவர் என்று வரிசையாக வந்தார்கள். சாலா மைக்செட்காரரிடம் ஓடினாள். மீரான் சாகிபு அந்தக் கூடத்து ஓரத்திலேயே மிசினை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்த ஒரு பெட்டியை மட்டும் அஞ்சு நிமிசம் நிறுத்துங்கள் என்று கெஞ்சினாள். அவர் எழுந்து நின்றார், ஆனால் கை பட்டனுக்குப் போகவில்லை.

"இருபத்தாறு வருசமா மைக்செட்டு போடுறேன்மா. ஒரு நன்றியுரையிலயும் என் பேரச் சொன்னதில்ல. இன்னைக்குச் சேத்திருக்கோம்னு செயலாளர் சொன்னாரு. வீட்டுல எம் மக பர்வீன் போனைக் காதுல வச்சுக்கிட்டு உக்காந்திருக்கு, இந்தப் பொட்டிச் சத்தம்தான் அதுக்குப் போகுது. என் பேரு வரட்டும். வந்த நிமிசம் நிப்பாட்டிர்றேன். அல்லாமேல ஆணை."

 ஐயனார் அதற்குள் பாட ஆரம்பித்திருந்தார். இரண்டு கையாலும் அழகுராஜாவின் தலையைப் பிடித்துக்கொண்டு, காதில் வாயை வைத்து, கண்ணை மூடிப் பாடினார். சாலாவுக்கு அவர் தொண்டைக் குமிழ் ஏறி இறங்குவது தெரிந்தது. அழகுராஜாவுக்குக் காதில் சூடான மூச்சு பட்டது. எச்சில் பட்டது. அது சகானாதான், சந்தேகம் இல்லை, மூச்சு நின்று திரும்புகிற இடம் அவருக்குத் தெரியும். ஆனால் உள்ளே விழுந்தது வேறு. தட்டி போர்டு எழுதித் தந்தவருக்கு நன்றி. அதைக் கட்டியவருக்கு நன்றி. கட்டக் கயிறு கொடுத்த கடைக்காரருக்கு, அவருடைய துணைவியாருக்கு, இன்று வர இயலாத அவருடைய சகலைக்கு நன்றி. அழகுராஜா வாயைத் திறந்து மூச்சு வாங்கினார். ஐயனார் இன்னும் உரக்கப் பாடினார். அந்த வயசில் அதற்கு மேல் முடியாது.

பதினைந்து நிமிசம் கழித்து, "மற்றும் மைக்செட்காரர்," என்று வந்தது. பேர் வரவில்லை. இணைப் பொருளாளர் அடுத்த நன்றிக்குப் போய்விட்டார். மீரான் சாகிபு கொஞ்ச நேரம் பெட்டியையே பார்த்தார். அப்புறம் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், பட்டனைத் திருகினார். பெட்டி அடங்கியது. ஐயனார் தொண்டையைச் செருமிக்கொண்டு, முதலிலிருந்து எடுக்கிறேன் என்று சைகை காட்டினார்.

அந்த நேரம் பார்த்து பேட்ஜ்காரர் மூச்சிரைக்க ஓடி வந்தார். குழுப்படம் எடுக்க நாதக்கடலைக் காணவில்லை என்று மேடையில் ஒரே ரகளையாம். ஐயனார் வர மாட்டேன் என்றார். இரண்டு பேர் வந்து, அவரை மரியாதையாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். மண்டப வாசலில் பெண் வீட்டார் வேன் வந்து நின்று, செண்டை மேளம் அடிக்க ஆரம்பித்தார்கள். மணி எட்டு. மதுரை பஸ்ஸுக்குப் பத்து நிமிசம். சாலா அழகுராஜாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். விழா இனிதே நிறைவுற்றது என்று மறுநாள் பேப்பரில் வந்தது.

ஆபரேசன் நல்லபடியாக முடிந்தது. கட்டியை முழுசாக எடுத்துவிட்டதாக டாக்டரம்மா சந்தோசமாக நோட்டில் எழுதிக் காட்டினார். மூன்றாம் நாள் அழகுராஜா எழுந்து உட்கார்ந்து, சத்தம் கேட்கிறது என்றார். தன் குரலே தனக்குக் கேட்காததால் வார்டு அதிரச் சொன்னார். டாக்டரம்மாவை ஓடிப் போய்க் கூட்டி வந்தார்கள். அவர் பார்த்துவிட்டு, நரம்பு போன சிலருக்கு இப்படி ஆகும், கடைசியாக மனசில் பதிந்தது உள்ளுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும், சிலருக்கு ஆயுசுக்கும் இருக்கும், மருந்து இல்லை என்று எழுதினார்.

சாலா அதைப் படித்தாள். அவளுக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. ஆண்டவன் கண் திறந்துவிட்டான் என்றே நினைத்தாள். நோட்டை வாங்கி, 'ஐயனாரா?' என்று எழுதி அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

அழகுராஜா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணிலிருந்து தண்ணி இறங்கித் தாடைக்கு வந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"நன்றியுரை, சாலா," என்றார். "இன்னும் முடியல."